ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

விளாங்குடியில் அடுத்த வீட்டுச் சேதி அத்தனையும் அறிந்த ஹம்சவேணிக்கு, சீதாலட்சுமியின் கம்ப்யூட்டர் பெரிய வேடிக்கை. வைரஸ் வராதென்று அமெரிக்காவிலிருக்கும் மகன் கோகுல்நாத் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். ஞாயிறு தவறாமல் படம் போய், கருந்திரையில் வெறும் எழுத்து நிற்கும். அவன் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அம்மா தட்டுவாள். மணிக்கணக்கில் நடக்கும்.

"இன்னுமாக்கா பழகல? அம்புட்டு மக்கா நீங்க?"

"மண்டையில ஏறமாட்டேங்குது ஹம்சா" என்று சீதாலட்சுமி சிரிப்பாள்.

பாவம் பார்த்த ஹம்சவேணி, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தன் தம்பி வெங்கடேஷ்பாபுவை ஒரு ஞாயிறு காலையிலேயே கூட்டிவந்தாள். சற்று நேரத்தில் திரையில் படம் வந்துவிட்டது.

"இது தானாக் கெட்டதில்லக்கா" என்றான் அவன். "யாரோ வாராவாரம் உள்ள போயி, திரைக்கான வரியை மாத்திருக்காங்க. வெவரமான ஆளுதான். இனிமே ஒருத்தரும் தொட முடியாது, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிட்டேன்."

"தனியா இருக்கீங்க, வேற யாரு இங்க வர்றாங்க?" என்று ஹம்சவேணி துருவினாள்.

சீதாலட்சுமி கீபோர்டின் மேல் துணியை இழுத்து மூடினாள். போன் அடித்தது; எடுத்தாள். மகனின் குரல் ரிசீவரை மீறிக் கேட்டது.

"படம் வருதாம்மா?"

"வருதுப்பா."

"அப்பாடா! சாப்டியா?"

"சாப்ட்டேன். நீ..."

"சரிம்மா, வச்சிர்றேன்."

இணைப்பு அறுந்தது ஹம்சவேணிக்கே கேட்டது. சீதாலட்சுமி மட்டும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ம்... சொல்லுப்பா" என்றாள். "அடுத்து எந்த எழுத்தைத் தட்டணும்?"