சிவப்பாகவே நின்றுவிட்ட புள்ளி

கச்சிராயபாளையத்தில் பொழுது சாய்கிறது. கரும்பு வெட்டிவிட்டு வந்த ஆயம்மாள் முகம்கூடக் கழுவாமல், மகள் வெண்ணிலாவின் புது லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் குறையக் குறைய வெள்ளைத் திரை பளிச்சென்று தெரிகிறது. அதன் நடுவில் கடுகைவிடச் சிறிதாய் ஒரு சிவப்புப் புள்ளி. காலையில் பெட்டியைப் பிரித்ததும் மேல்மூடியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தவள் அவள்தான். முந்தானை நுனியை ஈரமாக்கிப் புள்ளியைத் துடைக்கிறாள். போகவில்லை. "நான் வச்ச குங்குமந்தாண்டி உள்ள பூந்துகிச்சி." பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா அவள் கையை விலக்குகிறாள். "தேச்சிகினே இருக்காதம்மா. அது உன் குங்குமம் இல்ல. வரும்போதே இருந்த கோளாறு, அந்த எடத்துல கலரு மாறாம நின்னுபோச்சு. கடையில குடுத்தா வேற தருவாங்க." தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று வீடு அதிரப் போகிறது. ஆயம்மாளின் கை சட்டென்று மேல்மூடிக்குப் போகிறது. "பொட்டு வச்சத எப்பிடி திருப்பி வாங்குவான்? இத்த மொதல்ல தொடச்சிடணும்." கரும்புத் தோகை கீறிய விரல்கள் ஈர முந்தானையால் அவசரமாய்த் தேய்க்கின்றன. காய்ந்த பொட்டு கரைந்து, வெள்ளி நிற மூடி முழுக்க மஞ்சளும் சிவப்புமாய் ஈஷிக்கொள்கிறது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொள்கிறாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெண்ணிலா எழுந்து, சாமி படத்துக்கு முன்னாலிருந்த குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுகிறாள். "கடைக்கெல்லாம் வாணாம். பொட்டு அழிஞ்சிபோச்சு பாரு, நல்லா பெருசா வையி."