முதல் தீர்மானம்

சிவப்பு அங்கி அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. மாட்டிவிட்ட தபேதார் தோளில் இரண்டு ஊக்குகளைக் குத்தினார்.

ஆறு மாதத்துக்கு முன்புவரை இது வெறும் நகராட்சி. தரம் உயர்த்தினார்கள், வார்டு பிரித்தார்கள், தேர்தல் வைத்தார்கள். மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு என்று அரசாணை வந்து தொலைத்தது. கட்சியில் அப்படிக் கவுன்சிலராக ஜெயித்தவள் இவள் ஒருத்திதான். போட்டியின்றித் தேர்வு.

மேசையில் புதுப் பெயர்ப்பலகை.

"இங்கிலீஷ்ல என்னண்ணே எழுதியிருக்கு?"

"ஒர்ஷிப்ஃபுல் மேயர்மா. கும்பிடத் தக்கவங்கன்னு அர்த்தம். கீழ தமிழ்ல வணக்கத்துக்குரிய மேயர்னு போட்டிருக்கு."

"ஆத்தாடி, என்னையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

துணை மேயர் கதவைத் தட்டாமல் வந்தார். தபேதாரை வெளியே அனுப்பினார். ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டினார். தேதி மட்டும் போடவில்லை.

"கையெழுத்தப் போடு புள்ள. சொன்னபடி நடந்துக்கிட்டா இத நான் ஏன் வெளிய எடுக்கப்போறேன்?"

தெருவுக்குப் பட்டா வாங்காமல் ஓயமாட்டேன் என்று சத்தியம் செய்து ஓட்டு வாங்கியவள். ஐந்து வருடம் கிடக்கிறது. இன்றைக்குப் பணிந்து போனால் என்ன குறைந்துவிடும்?

போட்டாள்.

கூட்ட மன்றத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். துணை மேயர் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

"வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே! முதல் தீர்மானத்தைத் தங்கள் திருவாயாலேயே வாசித்தருள வேண்டும்."

சில கவுன்சிலர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வாசித்தாள். புதிய மாநகராட்சிக்குப் புதிய கட்டடம். அதற்காக சர்வே எண் 214/3-இல் உள்ள ஆக்கிரமிப்புகளை முப்பது நாட்களுக்குள்...

நாக்கு நின்றது.

பன்னிரண்டு வருடமாகப் பட்டா கேட்டு அவள் எழுதிய மனுக்களில் எல்லாம் அந்த எண்தான். தீர்மானத்தில் தெருப் பெயரை எழுதுவதில்லை. எண் மட்டும்தான். அறுபது வீடு. அவளுடையது கடைக்கோடி வீடு.

பாவிகள். அவள் வாயாலேயே.

"மேயரம்மாவுக்குத் தண்ணி வேணுமா?" துணை மேயர் அக்கறையாகக் கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். மிச்சத்தையும் வாசித்தாள்.

மேலே பார்வையாளர் மாடத்தில் அவள் தெருவே உட்கார்ந்திருந்தது. வேன் பிடித்து வந்திருந்தார்கள். எண்ணெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும்? மனு எழுதியது அவள்தானே. மைக்கில் நம் வீட்டுப் பிள்ளை பேசுகிறது. அவ்வளவுதான் தெரியும்.

கை தட்டினார்கள். கவுன்சிலர்கள் அண்ணாந்து பார்த்தும் நிறுத்தவில்லை.

அவளுடைய மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"கணீர்னு கேக்குது தாயி! இன்னொருக்கா வாசி!"

துணை மேயர் மைக்கை மறுபடி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.