மாவுக்கட்டு

மேலத்தெருப் பையனுக்காகப் பஸ்ஸில் இடம் விட்டு எழ மறுத்தான் என்றுதான் ஜெபசிங்கைப் பிடித்துப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்துவிட்டதாகப் போலீஸ் சொன்னது.

திங்கட்கிழமை காலை பிரேயரில் அவனுடைய வகுப்பு முழுவதும் வலது கையில் மாவுக்கட்டோடு நின்றது.

"என்னட்டி இது கூத்து?" என்று தலைமையாசிரியர் முன்வரிசையில் நின்ற புஷ்பகனியிடம் கத்தினார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

"நீ எப்படில விழுந்த?"

"நானும் பாத்ரூம்லதான் சார்" என்றான் அடுத்து நின்றவன். அவனுக்கு அடுத்தவனும் அதையே சொன்னான்.

தலைமையாசிரியர் போன் போட, இன்ஸ்பெக்டர் லத்தியோடு வந்து இறங்கினார். "கட்டைப் பிரிங்கலே!" ஒரு கையும் அசையவில்லை. கைக்கு எட்டியவனின் சட்டையைப் பிடித்து இழுத்து லத்தியை ஓங்கினார். ஓங்கியபடியே, வழக்கம்போல, அவன் மணிக்கட்டைப் பார்த்தார். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறத்தில் கயிறு உண்டு. யாரை அடிக்கலாம், யாரைத் தம்பி என்று தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவர் அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார். இன்று உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெறும் வெள்ளை. பக்கத்துக் கையைப் பார்த்தார். அதுவும் வெள்ளை. லத்தி அந்தரத்திலேயே நின்றது.

"அடிங்க சார்" என்றாள் புஷ்பகனி. "ஏன் நிறுத்திட்டீங்க? யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியலையா?"