தொப்பிக் கடை இருந்த இடம்

கிழவர் நாற்காலியை மரத்தோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெட்டுகிறவன் முதலில் அவரைத் தாண்டட்டும்.

அடுப்படி நாற்காலி. அப்பா காலத்தது. காலையில் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

சதுக்கத்தில் இருந்த மற்ற லிண்டன் மரங்கள் போன வாரமே போய்விட்டன. வேரைத் தோண்டி எடுத்து, மேலே சாம்பல் நிறக் கல் பதித்தாகிவிட்டது. கண் கூசுகிறது. மிச்சம் இது ஒன்றுதான்.

போலந்து வரைபடத்தில் தேடினாலும் சட்டென்று கிடைக்காத ஊர். வார்சா போகிற ரயில் இங்கே நிற்பதில்லை. இதற்கு இவ்வளவு கல் எதற்கு? எவனோ கமிஷன் அடிக்கிறான்.

மரத்துக்குப் பதில் தொட்டியில் செடி வைப்போம் என்று மேயர் சொல்லியிருக்கிறான். தொட்டிச் செடிக்குக் கீழே நாய்கூடப் படுக்காது.

அவர் எதையும் நம்புகிற ஆள் இல்லை. மாதாகோயிலின் இரண்டு கோபுரங்களில் ஒன்று கட்டையாக நிற்கும். அந்தக் காலத்தில் படையெடுத்து வந்த ஸ்வீடன்காரன் பீரங்கியால் அடித்தது என்பார் பாதிரியார். கட்டும்போதே காசு தீர்ந்திருக்கும் என்பார் இவர்.

ரம்பத்தோடு நின்றது விட்டோல்ட். மகளைக் கட்டியவன்.

"மாமா, எழுந்திருங்க. ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும். நீ பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கும் இப்படித்தான் பார்த்துச்சு."

கல் பதிக்கிற ஆட்கள் சிரித்தார்கள். விட்டோல்ட் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

வார்சாவிலிருந்து வந்த என்ஜினீயர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காருக்குப் போய்ப் பெரிய அட்டை ஒன்றை எடுத்து வந்தாள். இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் எடுத்த புகைப்படம். பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள்.

"பாருங்க ஐயா. அப்போ சதுக்கத்துல ஒரு மரம்கூட இல்ல. அந்தப் பழைய ஊரை அப்படியே திருப்பிக் கொண்டுவர்றோம்."

வாங்கிப் பார்த்தார். மணிக்கூண்டு. அடிபம்பு. வாத்துக் கூடைகள்.

மரம் இல்லைதான்.

இந்த மரம் நிற்கிற இடத்தில் ஒரு தொப்பிக் கடை. வாசலில் தாடியோடு நிற்கிறவர் கால்மன். அந்த வரிசை முழுக்க யூதர்கள் கடை. ஜெர்மன்காரன் அத்தனை பேரையும் ஒரே நாளில் ரயில் ஏற்றிக்கொண்டு போனான். ஒருத்தரும் திரும்பவில்லை. கடைகள் கொஞ்ச காலம் திறந்து கிடந்தன. அப்புறம் எரிந்தன.

சண்டை முடிந்த வசந்தத்தில் அந்தக் கரி மண்ணில்தான் அப்பா இந்தக் கன்றை நட்டார். சாயாமல் பிடித்துக்கொண்டது, அப்போது சின்னப் பையனாக இருந்த இவர். இங்கே எதற்கு மரம் என்று கேட்டார்.

ஏதாவது ஒண்ணு நிக்கட்டும் என்றார் அப்பா.

விரலால் அட்டையைத் தட்டினார்.

"பழைய ஊரா? சரி. இந்தக் கடையைக் கட்டு. இந்த ஆளைக் கூட்டிட்டு வா. அப்புறம் வெட்டு."

"நான் கல்லுக்குத்தான் பொறுப்பு ஐயா. ஆளுக்கு இல்ல."

"அப்போ கல்லு மேலேயே நில்லு."

அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கை பாதியில் நின்றது.

கால்மனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. வளைத்த மரம். முதுகுச் சட்டம் எப்போதோ விரிந்து, தகரப் பட்டை அடித்திருந்தது. பட்டை கோணல்.

இன்னொரு கையை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தடவினார்.

பட்டை.

அதே கோணல்.

சந்தையில் வாங்கினது என்பார் அப்பா. வீட்டில் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்து இவர் பார்த்ததில்லை.

ஊரில் ஒருத்தர் சொல்லையும் நம்பாதவர். அந்த ஒன்றை நம்பியிருந்தார்.

எழுந்தார்.

விட்டோல்ட் ரம்பத்தைக் கையில் எடுத்தான்.

அவர் நாற்காலியைத் தூக்கினார். படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மரத்துக்கு இந்தப் பக்கம், கடை வாசல் இருந்த இடமாகப் பார்த்து வைத்தார். ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அதன் மேல் போட்டார்.

திரும்பி வந்தார். வேர் மேல் உட்கார்ந்தார். மரத்தில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டிக்கொண்டார்.

இப்போது இழுத்தாலும் வரமாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

விட்டோல்டுக்கு ரம்பத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெயில் ஏறியது. கல்லில் நிற்க முடியவில்லை. கல் பதிக்கிற ஆட்கள் ஒவ்வொருவராக நிழலுக்கு வந்தார்கள். என்ஜினீயர் அம்மாவும் வந்தாள். மேயருக்குப் போன் போட்டாள். பேசிக்கொண்டே அந்தத் தொப்பியை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அதுல வேண்டாம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆள் வருது."