ஒரே வசனம்

கைக்காசு போட்டு எடுக்கும் படம். அம்மாவாக நடிக்க வேண்டியவர் டிமிக்கி கொடுத்துவிட, உடை தைக்க வந்த தையல்காரம்மாவையே வாசலில் நிறுத்தினார் இயக்குநர். எதிரே பச்சை முடியும் காதில் ஊக்குமாக, ‘பங்க் ராக்’ பாட்டுக் கும்பலோடு ஊர் சுற்றும் மகள் வேடத்தில் கதாநாயகி.

“ஒரே வசனம்தாம்மா. ‘போய்த் தொலை’ன்னு கத்திட்டுக் கதவைச் சாத்தணும்.”

கேமரா ஓடியதும் தையல்காரம்மா, கதாநாயகியின் கிழிந்த ஜாக்கெட்டை இழுத்துவிட்டு, “உள்ள வாடி கண்ணு” என்றார். மறுபடி எடுத்தபோதும் அதேதான்.

இயக்குநருக்குக் கோபம் தலைக்கேறியது. “பெத்த பொண்ணை ஒரு நாளாவது இப்படித் திட்டினதே இல்லையா நீங்க?”

“ஒரே ஒரு நாள் திட்டினேன் தம்பி,” என்றார் அவர், ஜாக்கெட்டை விடாமலே. “எதுக்குமே சொன்ன பேச்சு கேட்காதவ, அன்னிக்கு மட்டும் கேட்டுட்டா.”