ஏழாவது வழி

சாருலதாவுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு முந்தையது. இப்போதெல்லாம் இப்படி எவன் செய்கிறான்? "முதல் கட்டத்துலயே உன்னை ஒரு அறையில அடைச்சிருப்பாங்க, வெளிய ஒரு காவலாளி நிப்பான். சாவிதான் வேணும்னு இல்ல, வெளிய வர ஏழு வழி இருக்கு. நான் சொல்லமாட்டேன், நீயே யோசி" என்றேன். பிறகு வழக்கம்போல கம்பிக்கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காலம் கெட்டுக் கிடக்கிறது.

தினமும் மாலையில் கேட்பேன். பெட்டிகளை அடுக்கி ஜன்னலுக்கு ஏறினேன் என்பாள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நழுவினேன் என்பாள். ஒரே மாதத்தில் ஆறு வழிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏழாவது எனக்கே தெரியாது. இருக்கிறது என்று எங்கோ படித்ததுதான்.

அன்று கதவைத் திறந்து, எப்போதும்போல பூட்டைச் சாவியோடு கொண்டியிலேயே தொங்கவிட்டு, காய்கறிப் பையுடன் உள்ளே நுழைந்தேன். சாருலதா கதவருகில் நின்றிருந்தாள். காலில் செருப்பு.

"ஏழாவதும் கிடைச்சிடுச்சு. போய்ப் பாருங்களேன்."

ஆசையாக ஓடினேன். திரையில் அந்த அறை பூட்டியிருந்தது. உள்ளே காவலாளி நின்றுகொண்டிருந்தான்.

எனக்குப் பின்னால் பூட்டு அழுந்தும் சத்தம் கேட்டது.

"சாரு!"

"பதறாதீங்க" என்றாள் கம்பிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இன்னும் ஆறு வழி இருக்கு. நான் சொல்லமாட்டேன்."