சோழவரத்தில் சைலன்சர்

"இதுக்குப் பேரு ரேஸா பாய்? மூலக்கொத்தளம் போற பொணங்கூட இத்தவிட ஆர்ப்பாட்டமாப் போவும்!"

கிருஷ்ணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் பறந்து போயின. புழுதி எழுந்தது, அடங்கியது. அவ்வளவுதான்.

ஜஹாங்கீர் அவருக்கு முன்னால் வந்து நின்றார். "காலையிலேயே சொன்னேனே நைனா. ரூலை மாத்திட்டானுங்க. எல்லா வண்டிக்கும் சைலன்சர் மாட்டணுமாம்."

"எந்தப் பேமானி மாத்துனான்?"

"ரேஸ் நடத்தற கிளப்புலதான். வேற யாரு?"

இருவரும் ராயபுரத்தில் கப்பல் பாய்லர் பட்டறையில் ரிவிட்டு அடிப்பவர்கள். பதினெட்டு வருஷ சிநேகம். அந்தச் சுத்தியல் சத்தத்தில் எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தே பேச்சு, வசவு, வம்பு எல்லாம் நடக்கும். அப்படி உழைக்கிற கிருஷ்ணப்பனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் திருவிழா. விடிகாலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, செங்குன்றத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். அந்த நாளையும் எவனோ ரூல் போட்டுக் கெடுத்துவிட்டான்.

"ஹெல்மெட்டு போடுன்னான், சரி. காரும் பைக்கும் சேந்து ஓடக்கூடாதுன்னான், அதுவும் சரி. புள்ளகுட்டிக்காரன், உசுரு பொழைச்சிட்டுப் போறான். சத்தம் இன்னா பாவம் பண்ணிச்சி? போன வருஷம் அந்தச் செவப்பு வண்டி திருப்பத்துல வந்தப்போ, கண்ண மூடிக்கினே சொன்னேனா இல்லியா, இவன்தான் ஜெயிப்பான்னு?"

"சொன்ன."

"இன்னிக்கி இன்னாத்த சொல்றது? பூனை ஓடற மாரி ஓடுது. காலம் அப்படி ஆயிப்போச்சி பாய். என் வூட்டுக்காரி பட்டம்மா கூட இந்த வருஷம் கத்தறத வுட்டுட்டா. எதுலயும் ஒரு காரம் இல்ல."

ஜஹாங்கீர் சிரிக்கவில்லை. எந்த மொக்கை ஜோக்குக்கும் தொடையில் தட்டிச் சிரிக்கிற ஆள்.

"வா நைனா, வூட்டுக்குப் போலாம். போற வழியில கறிதோசை வாங்கித் தரேன்."

"தோசையாவது ஒண்ணாவது! அதோ தொப்பி போட்டுகினு நிக்கறான் பாரு கிளப்பு ஆபீசரு. நேராப் போயிக் கேக்கறேன். ரூலை எடுக்கறியா, இல்ல நாங்க வராம இருக்கட்டுமா?"

ஜஹாங்கீர் அவர் கையைப் பிடித்தார். "வாணாம். புடிச்சி வெளிய தள்ளுவான்."

"தள்ளட்டுமே. காசு குடுத்து டிக்கெட் வாங்கிகினு வந்தவன் நானு."

"அடுத்த வருஷம் அவனுங்களே மாத்திடுவானுங்க. சொன்னாக் கேளு."

"இன்னிக்கிக் கேக்கலன்னா அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வர மாட்டேன். எனக்கு இருக்கறது இந்த ஒரு நாளு பாய்!"

ஜஹாங்கீர் மறுபடி குறுக்கே வந்தார். முகம் வெளுத்திருந்தது. இந்தச் சின்ன விஷயத்துக்கு இப்படிப் பயப்படுகிறானே என்று கிருஷ்ணப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார்.

பந்தயக் கோட்டருகே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதிகாரி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கடைசிச் சுற்றுக்கு வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன.

கிருஷ்ணப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, அந்த சைலன்சர் ரூலை மொதல்ல எடுங்க! ரேஸே ஊமையாப் பூட்ச்சி!"

அதிகாரி முகத்தைச் சுளித்தார். காதுகளில் அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கினார். கிருஷ்ணப்பன் அவர் வாயையே பார்த்தார்.

"இன்னும் உரக்கச் சொல்லுய்யா! இந்த வண்டிங்க போடுற இரைச்சல்ல ஒண்ணுமே காதுல விழல!"